முழு மயக்கமா, அரைத் தூக்கமா, முழிச்சிக்கிட்டேவா? அக்காவோட ஃபேஸ்லிஃப்ட்டுக்கு நாங்க யோசிச்சது

அக்காவுக்கு 58 வயசு. கழுத்தும் தாடையும் தொங்கிப்போனது அவங்களுக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு, ரிட்டயர் ஆகறதுக்குள்ள ஃபேஸ்லிஃப்ட், அதாவது தொங்குற தோல இழுத்துத் தைக்கற ஆபரேஷன், பண்ணிடணும்னு முடிவு எடுத்து இங்க சிங்கப்பூர்ல நொவீனா பக்கம் ரெண்டு, ஆர்ச்சர்ட் பக்கம் ஒண்ணுன்னு மூணு டாக்டர பாத்துட்டு வந்தாங்க. ஆபரேஷனப் பத்தி மூணு பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பேசியிருக்காங்க, ஆனா மயக்கம்னு வந்தா ஆளுக்கு ஒண்ணு. மரத்துப்போற ஊசியும் ஒரு மாத்திரையும் போதும்னு ஒருத்தர், சிடேஷன்ல லேசா தூங்க வச்சிடலாம்னு இன்னொருத்தர், மூணாவது டாக்டர் ஜிஏ, அதாவது முழு மயக்கம், இல்லாம நான் பண்ணவே மாட்டேன்னுட்டாரு. அக்கா எங்க வீட்டு சோபாவுல உக்காந்து மூணு கொட்டேஷனையும் விரிச்சு வச்சு "இதுல எதுடி சேஃப், நீதான் ஏற்கனவே பண்ணியிருக்கல்ல, சொல்லு"ன்னாங்க.

நான் பண்ணது மேல் இமை மட்டும்தான், மூணு வருஷத்துக்கு முன்னாடி. அத வச்சு முழு ஃபேஸ்லிஃப்ட்டுக்கு வழி சொல்ல முடியாது. அதனால எங்க சித்தப்பா பொண்ணுகிட்ட போனோம், அவ இங்கதான் ஆபரேஷன் தியேட்டர்ல மயக்க மருந்து பக்கம் நர்ஸா இருக்கா, ரெண்டு ஞாயித்துக்கிழமை உக்கார வச்சு கேட்டோம். நாங்க கேட்டது, படிச்சது, யோசிச்சது எல்லாத்தையும் இங்க எழுதுறேன். என் கருத்த முதல்லயே சொல்லிடுறேன்: முழுசா முழிச்சிருந்து பண்றதுக்கும் நான் சரின்னு சொல்வேன், முழுசா தூங்க வச்சு பண்றதுக்கும் சரின்னு சொல்வேன், நடுவுல இருக்கே "லேசா தூங்குவீங்க, ஒண்ணும் தெரியாது"ன்னு, அங்கதான் நான் நூறு கேள்வி கேப்பேன்.

முதல்ல லோக்கல், அதாவது அந்த இடத்த மட்டும் மரத்துப்போக வைக்கறது. லிக்னொகெய்ன்னு ஒரு மருந்து, பல் டாக்டர்கிட்ட போடுவாங்களே அதேதான், கூட கொஞ்சம் அட்ரினலின் கலந்திருப்பாங்க. அட்ரினலின் ரத்தக்குழாய சுருக்கிடும், அதனால ரத்தம் கம்மியா வரும், மரத்துப்போறதும் நேரம் கூட நிக்கும். ஊசி ஏத்துன கொஞ்ச நேரத்துல நெஞ்சு படபடன்னு அடிக்கும், அது அட்ரினலினோட வேலை, எனக்கும் அடிச்சுது, அலர்ஜியோன்னு பயந்துட்டேன், டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தா பயந்திருக்க மாட்டேன். ஊசி குத்துற அந்த அரை நிமிஷம் எரிச்சல் நல்லாவே இருக்கும், இமையில தோல் ரொம்ப மெலிசு. அதுக்கப்புறம் வலி இல்லை, ஆனா தெரியும். இழுக்கறது தெரியும், ரத்தத்த நிறுத்த சுடும்போது கருகுற வாசம் வரும், லைட் மூடுன கண்ணுக்குள்ளயும் வெளிச்சமா அடிக்கும். நடுநடுவுல டாக்டர் "கண்ணத் தொறங்க, மூடுங்க"ன்னு சொல்லி ரெண்டு பக்கமும் ஒரே அளவா வந்திருக்கான்னு பாத்தாரு. இமை ஆபரேஷனுக்கு லோக்கல் நல்லதுன்னு சொல்றதுக்கு அது ஒரு பெரிய காரணம், முக்கியமா இமையத் தூக்குற தசைய சரி பண்ற டோசிஸ் கேஸ்ல ஆள் முழிச்சிருந்து கண்ணத் தொறந்து காட்டுனாதான் உயரம் சரியா வைக்க முடியும். ஒரு மணி நேரத்துல முடிஞ்சு, நடந்து வந்து டாக்ஸி ஏறுனேன், வாந்தி மயக்கம் எதுவும் கிடையாது.

அப்ப ஃபேஸ்லிஃப்ட்டையும் லோக்கல்லயே பண்ணிடலாமேன்னு தோணும். பண்றவங்க இருக்காங்க, சின்ன லிஃப்ட்டுக்கு அது சரியாவும் வரும். ஆனா முகம் கழுத்து ரெண்டு பக்கமும்னு வந்தா மரத்துப்போக வைக்கற இடம் ரொம்பப் பெருசு, மருந்துக்கு ஒரு எல்லை இருக்கு. அட்ரினலின் கலந்த லிக்னொகெய்னுக்கு வழக்கமா சொல்ற உச்ச அளவு கிலோவுக்கு 7 மில்லிகிராம். அக்கா 60 கிலோ, அப்ப 420 மில்லிகிராம், 2 சதவீத மருந்துன்னா வெறும் 21 மில்லி, 1 சதவீதம்னா 42 மில்லி. அதனால தண்ணியா கரைச்சு கரைச்சுதான் ஏத்துவாங்க, நல்லா பழக்கம் உள்ள டாக்டர் அத கணக்கா செய்வாரு. அளவு மீறுனா வாயச் சுத்தி மரத்துப்போகும், நாக்குல இரும்பு ருசி வரும், காதுல ங்ஙொய்னு கேக்கும், அதையும் தாண்டுனா வலிப்பு, அதுக்கப்புறம் இதயம். அதுக்கு மாத்து இன்ட்ராலிப்பிட்னு ஒரு கொழுப்பு மருந்து, அது ரூம்ல இருக்கான்னு கேக்கறது தப்பே இல்லை. அதோட மூணு நாலு மணி நேரம் ஒரே பொசிஷன்ல அசையாம மூஞ்சிய மூடிக்கிட்டு படுத்திருக்கணும், அக்காவால கோயில்ல அபிஷேகம் முடியறவரைக்கும் உக்காந்திருக்கவே முடியாது, முதுகு பிடிச்சுக்கும்.

மாத்திரை கூட சேக்கறது ரெண்டாவது வழி. டயாசிபாம் இல்லன்னா அது மாதிரி ஒண்ணு, பதட்டம் குறையும், பேசுனா பதில் சொல்வீங்க. இமைக்கு, மச்சம் எடுக்க, சின்ன வேலைக்கெல்லாம் பரவாயில்லை. ஒரே பிரச்சனை, வாயால போட்டது எப்ப ஏறும் எவ்வளவு ஏறும்னு ஆளாளுக்கு மாறும், பத்தலைன்னு இன்னொண்ணு கொடுத்தா ரெண்டும் சேந்து லேட்டா ஏறும். டாக்டர் எழுதிக் கொடுக்காம வீட்டுல இருக்கற தூக்க மாத்திரைய "தைரியத்துக்கு" போட்டுட்டுப் போகாதீங்க, தயவுசெஞ்சு.

இப்ப அந்த நடு வழி. நரம்புல ஊசி போட்டு சிடேஷன். இதுக்கு ட்வைலைட்னு அழகா ஒரு பேரு வச்சிருக்காங்க. மிடாஸொலாம், ஃபென்டனில், புரொப்போஃபால், சில இடத்துல டெக்ஸ்மெடிடொமிடின், இதுல ஒண்ணு ரெண்டு கலந்து கொடுப்பாங்க, முகத்துல லோக்கல் ஊசியும் போடுவாங்க. நல்லது நிறைய இருக்கு: லோக்கல் ஊசி குத்துறது ஞாபகமே இருக்காது, தொண்டையில ட்யூப் போடறதில்ல, சீக்கிரம் தெளிஞ்சிடும், வாந்தியும் ஜிஏவ விட பொதுவா கம்மி. மயக்க டாக்டர் கூடவே இருந்தா, ஆளும் ஆரோக்கியமா இருந்தா இது நிறைய பேருக்கு நல்ல வழிதான், அத நான் மறுக்கல.

ஆனா சிடேஷன்ங்கறது படிக்கட்டு மாதிரி இல்ல, சறுக்குப் பலகை மாதிரி. லேசானது, நடுத்தரம், ஆழமானது, முழு மயக்கம்னு நாலு நிலை சொல்றாங்க, ஒண்ணுல இருந்து அடுத்ததுக்கு ஆள் தானா வழுக்கிப் போயிடலாம், அதுவும் புரொப்போஃபால் ஏறுறது ஒரு நிமிஷத்துக்குள்ள. மிடாஸொலாம் கூடிப்போச்சுன்னா ஃப்ளூமஸெனில் கொடுத்து இறக்கலாம், ஃபென்டனிலுக்கு நலோக்சோன் இருக்கு, புரொப்போஃபாலுக்கு அப்படி மாத்து மருந்தே கிடையாது, அது இறங்குறவரைக்கும் யாராவது மூச்சுக்கு வழி பண்ணிக் கொடுத்துக்கிட்டே இருக்கணும். நாக்கு பின்னாடி விழுந்து தொண்டைய அடைச்சா தாடையத் தூக்கிப் பிடிக்கத் தெரிஞ்ச கை பக்கத்துல இருக்கணும். முக ஆபரேஷன்ல அந்த தாடைமேலதான் டாக்டரோட கத்தியும் துணியும் இருக்கு! வயித்துல ஆபரேஷன்னா மயக்க டாக்டருக்கு தலைமாடு முழுசா ஃப்ரீ. முகத்துல ரெண்டு பேருக்கும் ஒரே இடம்தான்.

இங்க நடந்ததையே சொல்றேன். 2009 டிசம்பர் கடைசில 44 வயசு நிறுவனத் தலைவர் ஒருத்தர் இங்க ஒரு கிளினிக்ல லைபோசக்‌ஷன் பண்ணிக்கப் போனாரு, திரும்பி வரல. புரொப்போஃபால் கொடுத்ததுல மூச்சுப்பாதை அடைபட்டுதான் இறந்தாருன்னு மரண விசாரணையில வந்துச்சு. லைபோசக்‌ஷன்தான், முகம் இல்ல, ஆனா பாடம் ஒண்ணேதான்னு எங்க சித்தப்பா பொண்ணு சொன்னா. ஆபரேஷன் பண்றவரே ஒரு கண்ண மானிட்டர்ல வச்சிக்கிட்டு தூக்க மருந்தையும் பாத்துக்குறதுங்கறது நடக்காத காரியம். கத்தி பிடிக்கிறவர் ஒருத்தர், மூச்சப் பாக்கறவர் இன்னொருத்தர், அவருக்கு அந்த நேரத்துல வேற எந்த வேலையும் இருக்கக் கூடாது.

அதனால சிடேஷன் சொன்ன கிளினிக்குக்கு அக்காவ திரும்ப ஃபோன் பண்ணச் சொன்னோம். மருந்து கொடுக்கப்போறது யாரு, அவரு அனஸ்தெட்டிஸ்ட்டா (மயக்க டாக்டர்), பேரு என்னன்னு கேக்கச் சொன்னோம். சிங்கப்பூர் மெடிக்கல் கவுன்சில் பதிவேட்டுல பேரு போட்டா அவரு எந்த ஸ்பெஷலிஸ்ட்டுன்னு ஆன்லைன்லயே காட்டும், அனஸ்தீசியாலஜின்னு இருக்கணும், ஆபரேஷன் பண்றவர் பேருக்கு பிளாஸ்டிக் சர்ஜரி மாதிரி இருக்கணும். ஏஸ்தெடிக் மெடிசின், அழகு சிகிச்சைங்கறது இங்க தனி ஸ்பெஷாலிட்டியே கிடையாது, அது நிறைய பேருக்குத் தெரியல. அப்புறம் இடத்துக்கு ஆம்புலேட்டரி சர்ஜிகல் சென்டர் (ராத்திரி தங்காம ஆபரேஷன் பண்ணிட்டுப் போற இடம்) லைசென்ஸ் இருக்கா, மூச்சுல வர்ற கார்பன் டைஆக்சைட காட்டுற கேப்னோகிராஃபி வைப்பாங்களா. ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு காட்ட விரல்ல மாட்டுற கிளிப் மட்டும் போதாது, ஏன்னா ஆக்சிஜன் கொடுத்துக்கிட்டு இருக்கும்போது மூச்சு நின்னாக்கூட அந்த நம்பர் கொஞ்ச நேரத்துக்கு 98, 99னே காட்டிக்கிட்டு இருக்கும், கேப்னோகிராஃபில கோடு உடனே படுத்துடும். நம்ம மாதிரி கருப்பான தோலுக்கு அந்த விரல் கிளிப் நிஜத்த விட கூடுதலா காட்டலாம்னு 2020ல அமெரிக்காவுல வந்த ஆராய்ச்சியும் இருக்கு. கல்யாண வீட்டுக்குப் போய் விரல் நுனியெல்லாம் கருகருன்னு மருதாணி வச்சிக்கிட்டு வந்தாலும் அது சரியா ரீட் பண்ணாம போகலாம், ஆபரேஷன் தேதிக்கு முன்னாடி மருதாணி வேண்டாம்.

கிளினிக்ல இருந்து வந்த பதில் "எங்க டாக்டரே ரொம்ப எக்ஸ்பீரியன்ஸ், அவரே பாத்துப்பாரு"ங்கறது. அந்தக் கொட்டேஷன அங்கயே மடிச்சு வச்சிட்டோம்.

சிடேஷன்ல இன்னும் ரெண்டு விஷயம் முகத்துக்குன்னே உள்ளது. ஒண்ணு தும்மல்: புரொப்போஃபால் ஏறுன நேரத்துல கண்ணச் சுத்தி ஊசி போட்டா சில பேரு திடீர்னு தும்முவாங்க, கண்ணுக்குப் பக்கத்துலயே ஊசி முனை இருக்கும்போது! பழக்கம் உள்ள டாக்டருக்கு இது தெரியும், மூச்ச இழுக்கறது பாத்தவுடனே ஊசிய வெளிய எடுத்துடுவாரு. இன்னொண்ணு நெருப்பு. மூக்குல ஆக்சிஜன் ட்யூப், மேல துணி, உள்ள ஆக்சிஜன் தேங்கும், பக்கத்துலயே ரத்தத்த நிறுத்த சுடுற கருவி. அரிதுதான், ஆனா முகம் கழுத்து ஆபரேஷன்லதான் இது பெரும்பாலும் நடக்குது. அதனால ஆக்சிஜன 30 சதவீதத்துக்கு மேல விடாம, சுடும்போது நிறுத்தி வச்சு வேலை செய்யணும்னு விதி. தொண்டைக்குள்ள ட்யூப் போட்டா ஆக்சிஜன் ட்யூப்புக்குள்ளயே போயிடுது, இந்தக் கவலை ரொம்பக் குறையும்.

அப்ப ஜிஏ. முழு மயக்கம்னாலே நம்ம ஆளுங்களுக்கு ஒரு பயம் இருக்கு, "எந்திரிக்கலன்னா?"ன்னு. அக்காவோட முதல் கேள்வியும் அதுதான். ஆரோக்கியமான ஒருத்தருக்கு மயக்க மருந்தாலயே உயிர் போறதுங்கறது ஒரு லட்சத்துல ஒண்ணுங்கற அளவுலதான் சொல்றாங்க. நடுவுல முழிப்பு வந்துடுமோங்கறது அடுத்த பயம்: பிரிட்டன்ல 2014ல வந்த பெரிய கணக்கெடுப்புல சுமார் 19,000 ஜிஏவுக்கு ஒருத்தர் அப்படி புகார் சொல்லியிருக்காங்க. அதே கணக்கெடுப்புல சிடேஷன் எடுத்தவங்களும் "எனக்கு முழிப்பு வந்துடுச்சு"ன்னு புகார் சொல்லியிருக்காங்க, அவங்களுக்கு முழிப்பு வர்றது சகஜம்னு முன்னாடி யாரும் புரியவைக்கல, அதனால பயந்துட்டாங்க. என் ஃப்ரெண்டு ஒருத்திக்கு இதுவேதான் நடந்துச்சு, ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லி ட்வைலைட்ல படுக்க வச்சாங்க, பாதியில டாக்டர் நர்ஸ்கிட்ட பேசறது எல்லாம் கேட்டுக்கிட்டு உடம்ப அசைக்க பயந்து படுத்திருந்தா, இன்னிக்கும் அத சொல்லும்போது அவ கை நடுங்குது.

ஜிஏவோட நிஜ தொந்தரவு மூணு. ட்யூப்னால ரெண்டு நாள் தொண்டை வலி. வாந்தி. முழிக்கும்போது வர்ற இருமல். கடைசி ரெண்டும் ஃபேஸ்லிஃப்ட்டுல ரொம்ப முக்கியம், ஏன்னா இருமுனாலோ வாந்தி எடுத்தாலோ பிபி எகிறும், தோலுக்கு அடியில ரத்தம் கசிஞ்சு கட்டிக்கும், ஹெமட்டோமா, பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துலயே வரும், பெருசா வந்தா திரும்ப தியேட்டருக்குள்ள போய்த் தொறக்கணும். யாருக்கு வாந்தி வரும்னு முன்னாடியே ஓரளவு சொல்லலாமாம்: பொம்பளைங்க, சிகரெட் பிடிக்காதவங்க, பஸ்ல போனா குமட்டுறவங்க இல்ல போன ஆபரேஷன்ல வாந்தி எடுத்தவங்க, அப்புறம் மார்ஃபின் வகை வலி மருந்து தேவைப்படறவங்க. அக்காவுக்கு முதல் மூணும் இருக்கு, ஜெந்திங் பஸ்ஸுல பாதி மலையிலயே பைய எடுத்துடுவாங்க.

இதுக்கு வழி கேஸ் இல்லாம நரம்பு வழியாவே முழு மயக்கமும் கொடுக்கறது, டீவான்னு சொல்றாங்க. புரொப்போஃபாலும் ரெமிஃபென்டனிலும் பம்ப்ல ஓடிக்கிட்டே இருக்கும், வாந்தி குறையும், முழிப்பும் இருமல் கம்மியா பதமா வரும், கூட வாந்தி வராம இருக்க ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன் கொடுப்பாங்க. அதே புரொப்போஃபால்தான், ஆனா இங்க மூச்சுக்கு ட்யூப் இருக்கு, அதுக்குன்னே ஒரு டாக்டர் இருக்காரு. குடும்பத்துல யாருக்காவது மயக்க கேஸ்ல காய்ச்சல் உச்சத்துக்குப் போய் ஆபத்தானதுன்னு கேள்விப்பட்டிருந்தா அத கண்டிப்பா சொல்லணும், அவங்களுக்கும் டீவாதான் வழி. அக்கா சுத்த சைவம், அதனால இதையும் சொல்லணும், புரொப்போஃபால் வெள்ளையா பால் மாதிரி இருக்கறதுக்குக் காரணம் சோயா எண்ணெயும் முட்டையில இருந்து எடுக்கற லெசித்தினும். அக்கா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "மருந்துதானே"ன்னாங்க.

மூக்கு ஆபரேஷன்னா எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது. எங்க அண்ணன் பொண்ணு பண்ணிக்கிட்டா, எலும்ப உடைச்சு நேராக்கறது, ரத்தம் நேரா தொண்டைக்குள்ளதான் இறங்கும். ட்யூப் போட்டு தொண்டையில பஞ்சு வச்சு அடைச்சு பண்ணா அந்த ரத்தம் நுரையீரலுக்குப் போகாது. அரைத் தூக்கத்துல இருமவும் தெரியாம விழுங்கவும் தெரியாம படுத்திருக்கறத நினைச்சாலே எனக்கு ஒப்பல. அவ முதல்ல சியோல்ல பண்ணலாம்னுதான் பாத்தா. கன்சல்ட் பண்ண டாக்டர் ஒருத்தர், தூங்குனதுக்கப்புறம் வெட்டுறது வேற ஒருத்தர்னு அங்க வந்த கேஸுகளாலதான் 2023 செப்டம்பர்ல இருந்து நினைவில்லாத நோயாளிக்கு ஆபரேஷன் பண்ற தியேட்டர்ல சிசிடிவி கட்டாயம்னு சட்டம் வந்துச்சு, ஆனா ரெக்கார்ட் பண்ணணும்னு நீங்க கேக்கணும். அண்ணி "ரத்தம் வந்தா யாரக் கூப்பிடுவேன் அங்க"ன்னு ஒரே பிடியா நின்னு இங்கயே பண்ண வச்சாங்க.

அக்கா கேஸுக்கு வர்றேன். முடிவு பண்ணது அவங்க குறட்டைதான். மாமா பத்து வருஷமா சொல்லிக்கிட்டு இருக்காரு, அது மட்டுமில்லாம தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு. ஸ்லீப் ஆப்னியா இருக்கறவங்களுக்கு தூக்க மருந்து கொடுத்தா தொண்டை இன்னும் சுலபமா அடைபடும், அப்படி ஒருத்தர ட்யூப் இல்லாம நாலு மணி நேரம் ஆழமா தூங்க வைக்கறது சரிவராதுன்னு அனஸ்தெட்டிஸ்ட்டே சொன்னாரு. பிபி இருக்கு, அதனால லோக்கல்ல பதட்டத்தோட படுத்திருந்தா பிபி ஏறி கசிவு கூடும். ஆக டீவா ஜிஏ, ராத்திரி ஒரு நாள் ஆஸ்பத்திரில தங்கறது. இதுவே 50 வயசு, குறட்டை இல்லை, பிபி இல்லை, சின்ன லிஃப்ட், அனஸ்தெட்டிஸ்ட் கூட இருக்காருன்னா நான் சிடேஷனுக்கு தலையாட்டியிருப்பேன். மேல் இமை மட்டும்னா இன்னிக்கும் லோக்கல்தான்.

காசு கூடத்தான் ஆகுது. அனஸ்தெட்டிஸ்ட் ஃபீஸ், தியேட்டர், ஒரு ராத்திரி தங்கறது எல்லாம் தனித்தனி வரி, மேல 9 சதவீதம் ஜிஎஸ்டி, பேக்கேஜ்னு ஒரே நம்பர் சொன்னா பிரிச்சு எழுதித் தரச் சொல்லுங்க. அழகுக்காக பண்றதுக்கு மெடிசேவ் (சம்பளத்துல பிடிக்கற மருத்துவ சேமிப்பு) தொட முடியாது, இமை தொங்கி பார்வைய மறைக்குதுன்னு டெஸ்ட்ல தெரிஞ்சா மட்டும் கேட்டுப் பாக்கலாம். எம்சி (டாக்டர் கொடுக்கற லீவு சர்டிஃபிகேட்) கொடுத்தாலும் அழகு ஆபரேஷனுக்கு கம்பெனி சம்பளத்தோட லீவு தரணும்னு கட்டாயம் இல்ல, அக்கா எனுவல் லீவு ரெண்டு வாரம் போட்டிருக்காங்க.

மருந்து லிஸ்ட்ட ஒண்ணு விடாம எழுதிக் கொடுத்தோம். நீங்க எடை குறைக்க ஓசெம்பிக் மாதிரி ஊசி போடறீங்கன்னா வெக்கப்படாம சொல்லுங்க, வயிறு காலியாக லேட்டாகும், மயக்கத்துல அது மேல வந்து நுரையீரலுக்குள்ள போச்சுன்னா பெரிய ஆபத்து. சுகருக்கு போடற சில மாத்திரைகள மூணு நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க. ஜின்செங், மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை எல்லாமே மருந்துன்னே நினைச்சு எழுதுங்க. ஆஸ்பிரின நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர் சொல்லட்டும்.

அக்காவுக்கு அடுத்த மாசம் வியாழக்கிழமை காலையில 8 மணிக்கு தியேட்டர். சாப்பாடு 6 மணி நேரத்துக்கு முன்னாடி நிறுத்தணும், தெளிஞ்ச தண்ணி வகை 2 மணி நேரம் வரைக்கும் ஓகே, பால் போட்ட கோப்பி சாப்பாட்டுக் கணக்கு, பால் இல்லாத கோப்பி ஓ தண்ணிக் கணக்கு. அதனால ராத்திரி ரெண்டு மணிக்கு மேல எதுவும் இல்ல, விடியக்காலை அஞ்சரைக்கு சின்ன கப் கோப்பி ஓ, பிபி மாத்திரை ஒண்ணு. மூக்குத்தி முந்தின நாளே தேக்கா கடையில கழட்டிக்கணும், திருகு ரொம்ப வருஷமா இறுகிப்போயிருக்கு. தாலிச் சங்கிலியக் கழட்டச் சொன்னப்ப அக்கா முகம் வாடிப்போச்சு, தங்கமெல்லாம் எடுத்துட்டு மஞ்சக் கயித்த கையில கட்டி மேல டேப் போட்டுக்கலாம்னு சித்தப்பா பொண்ணு தியேட்டர் நர்ஸ்கிட்ட கேட்டு வச்சிருக்கா. மறுநாள் கூட்டிட்டு வர்றது நான், மாமா வீட்டுல கஞ்சி வச்சிடறேன்னு சொல்லியிருக்காரு.